மெக்கில்ராய் டிரைவரைத் தொடாத மைதானம்: மரங்களுக்கு நடுவே ஆடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

டெல்லியில் வேலை பார்ப்பவர்களுக்கு கான் மார்க்கெட் தெரிந்திருக்கும். அதை ஒட்டிப் போகும் சாலையின் பெயர் சுப்பிரமணிய பாரதி மார்க். அதற்குக் கொஞ்ச தூரத்தில் டாக்டர் ஜாகிர் உசேன் மார்க். அந்தப் பக்கம் ஆட்டோவில் போகும்போது, நகரத்தின் நட்ட நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகத்தைக் கடந்திருப்பீர்கள். பூங்கா மாதிரி தெரியும். ஆனால் பூங்கா இல்லை. அதுதான் டெல்லி கோல்ஃப் கிளப்.

2025 அக்டோபரில் இங்கே ஒரு சுவாரஸ்யமான விஷயம் நடந்தது. 40 லட்சம் டாலர் பரிசுத் தொகை கொண்ட டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் போட்டிக்காக ரோரி மெக்கில்ராய் வந்திருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு மேஜர் பட்டங்களையும் வென்றவர்களின் சின்னப் பட்டியலில் சேர்ந்திருந்தார். பந்தை நீண்ட தூரம் அடிப்பதில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். நீண்ட தூரம் அடிக்கப் பயன்படும் மட்டையின் பெயர் டிரைவர். அதை இந்த வாரம் பயன்படுத்தப்போவதில்லை என்று போட்டிக்கு முன்பே சொல்லிவிட்டார்.

காரணம் ரொம்ப எளிமையானது: மரங்கள். பந்து கொஞ்சம் வழி தவறினாலும் புதருக்குள் போய்விடும். அப்புறம் திரும்பக் கிடைக்காது.

உலகின் முன்னணி வீரர் ஒருவர் தன் பெரிய பலத்தையே மூட்டை கட்டி வைக்கும் அளவுக்கு ஒரு மைதானத்தில் என்ன இருக்கிறது? மரங்களுக்கு நடுவே ஆடும் ஆட்டம் எப்படி வேலை செய்கிறது? கிளப் உறுப்பினர் அட்டை இல்லாத நம்மைப் போன்றவர்கள் அதை எங்கே ஆடிப் பார்ப்பது? பார்க்கலாம்.

முதலில் அடிப்படை: கோல்ஃப் ஐந்து வரியில்

கோல்ஃப் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் இருக்கும், அது டீ. பந்து போய் விழ வேண்டிய, புல் ஒட்ட வெட்டிய பாதை ஃபேர்வே. குழி இருக்கும் வழவழப்பான இடம் கிரீன். ஒரு குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார். அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5. மொத்தத்தில் குறைவான அடியில் முடிப்பவருக்கு வெற்றி.

டிரைவர் தூரத்துக்கு, ஐயன் மட்டைகள் துல்லியத்துக்கு, வெட்ஜ் பக்கத்தில் தூக்கிப் போட, பட்டர் கிரீனில் உருட்ட. பட்டர் என்றதும் வெண்ணெய் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, அதுவும் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

டெல்லி கோல்ஃப் கிளப்: இது என்ன மாதிரி இடம்?

1930-களின் தொடக்கத்தில், புது டெல்லி புதுசாக உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், லோதி கோல்ஃப் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. 1950-இல் டெல்லி கோல்ஃப் கிளப் என்ற இப்போதைய அமைப்பாக மாறியது. அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலம், 150 ஏக்கருக்கு மேல். 18 குழிகள் கொண்ட லோதி மைதானமும், 9 குழிகள் கொண்ட பீகாக் மைதானமும் இருக்கின்றன. பெயருக்கு ஏற்ற மாதிரி மயில்கள் உண்மையிலேயே ஃபேர்வேயில் உலாத்தும்.

1970-களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் இந்த மைதானத்தை மாற்றி அமைத்தார். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். 1964-இல் நடந்த முதல் இந்தியன் ஓப்பனை வென்றவரும் அவர்தான். 2019-இல் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் வடிவமைப்பில் லோதி மைதானம் மறுபடி புதுப்பிக்கப்பட்டது.

மரங்களுக்கு இடையே பழைய கல்லறைகளும் இருக்கின்றன. சிவப்புக் கல்லில் கட்டிய லால் பங்களா, முகலாயர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. ஹுமாயூன் கல்லறையும் சுந்தர் நர்சரியும் பக்கத்திலேயே. அதாவது, இது ஊரை விட்டுத் தள்ளி காட்டைத் திருத்தி அமைத்த மைதானம் இல்லை. பழைய டெல்லிகளின் மிச்சத்துக்கு நடுவே, புதர்க்காட்டை ஒட்டிப் பாதை போட்ட மைதானம்.

நீளம் 7,000 கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய சர்வதேசப் போட்டிகளின் கணக்கில் இது பெரிய நீளமே இல்லை. அப்படியானால் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் அகலம் வருகிறது.

மரம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பள்ளிக்கூட முக்கோணவியல்தான், பயப்பட வேண்டாம்.

நீங்கள் குறி வைத்த கோட்டிலிருந்து பந்து 3 டிகிரி விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 டிகிரி எவ்வளவு? கடிகாரத்தில் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் அளவு. கண்ணுக்கே தெரியாது.

- 300 கெஜம் அடித்தால், அந்த 3 டிகிரி உங்களைக் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 16 கெஜம் தள்ளிவிடும்.
- 230 கெஜம் அடித்தால், அதே 3 டிகிரியில் விலகல் 12 கெஜம்தான்.

ஃபேர்வே 30 கெஜ அகலம் என்றால், நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 15 கெஜம். அதே ஆள், அதே தவறு. தூரமாக அடித்தவர் புதருக்குள். அளவாக அடித்தவர் புல்வெளியில். இவ்வளவுதான் விஷயம்.

திறந்தவெளி மைதானத்தில் அந்த ஒரு கெஜத்துக்குப் பெரிய விலை கிடையாது. பந்து கொஞ்சம் நீளமான புல்லில் விழும், அங்கிருந்து அடுத்ததை அடிக்கலாம். அதனால் அங்கே தூரமாக அடிப்பவருக்குத்தான் லாபம். மரங்கள் நெருங்கி நிற்கும் மைதானத்தில் நிலைமை வேறு. ஃபேர்வேக்கு வெளியே ஒரு கெஜம் போனாலும் ஒரு அடியோ இரண்டு அடியோ காலி.

மரத்தில் பட்ட பந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் முக்கியம். சில சமயம் பட்டுத் தெறித்து ஃபேர்வேக்கே வரும். சில சமயம் இன்னும் உள்ளே போகும். கோல்ஃப் ஆடுபவர்கள் மத்தியில் ஒரு பழைய ஆறுதல் உண்டு: மரத்தில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுதான், பந்து எப்படியும் இடைவெளியில் புகுந்துவிடும். இதை நம்பி அடித்தவர்கள்தான் அதிகமாகப் பந்து வாங்குகிறார்கள்.

மெக்கில்ராய் போட்ட கணக்கும் இதேதான். குட்டையாக அடித்தால் கிரீனுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் மிச்சம் இருக்கும். வெட்ஜ் எடுக்க வேண்டிய இடத்தில் 7-ஆம் நம்பர் ஐயன் எடுக்க வேண்டி வரும். அது கால் அடி, அரை அடி நஷ்டம். புதருக்குள் போனால் இரண்டு மூன்று அடி நஷ்டம். ஆபத்துக்கு ஏற்ற பலன் இல்லை, அதனால் வேண்டாம்.

பந்து புதருக்குள் போயிடுச்சு. இப்போ என்ன பண்றது?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் போகும். அப்போது விதிகள் என்ன சொல்கின்றன?

தேடுவதற்கு 3 நிமிடம்தான். 2019 வரை 5 நிமிடம் இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு அடி தண்டனை, அதோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால்தான் பந்து தொலைந்திருக்கும் என்ற சந்தேகம் வந்த உடனேயே, நடக்கத் தொடங்கும் முன், இன்னொரு தற்காலிகப் பந்தை அடித்து வைப்பது வழக்கம்.

கிடைத்தது, ஆனால் அடிக்க முடியாத இடம் என்றால்? 'ஆட முடியாத பந்து' என்று நீங்களே அறிவிக்கலாம். ஒரு அடி தண்டனை. பிறகு மூன்று வழி. முன்பு அடித்த இடத்துக்கே போகலாம். குழிக்கும் பந்துக்கும் ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் பின்னால் போகலாம். அல்லது பந்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல், பக்கவாட்டில் போட்டு ஆடலாம்.

இன்னொன்று. வழியில் இருக்கும் கிளையை ஒடித்துவிட்டு அடிக்க முடியாது. இயற்கையாக வளர்ந்து நிற்பதை உங்கள் வசதிக்காக வளைக்கவோ உடைக்கவோ கூடாது. மரம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும்.

இப்போது உண்மையான சோதனை. பந்து கிடைத்துவிட்டது, அடிக்கவும் முடியும். எதிரே இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. அது வழியாகப் பார்த்தால் கிரீன் தெரிகிறது. பக்கவாட்டில் திரும்பினால் ஃபேர்வே பத்தடியில் இருக்கிறது, ஆனால் ஒரு மீட்டர்கூட முன்னேற்றம் கிடையாது. எதை எடுப்பீர்கள்?

4 பார் குழி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

- பக்கவாட்டில் வெளியே வந்தால்: அது 2-ஆவது அடி. 3-ஆவதில் கிரீன். இரண்டு உருட்டல். மொத்தம் 5.
- இடைவெளியில் அடித்து, சரியாகப் போனால்: 4.
- இடைவெளியில் அடித்து, மரத்தில் பட்டால்: பெரும்பாலும் 7.

இதில் 5-ஐ விட நல்ல சராசரி வர வேண்டுமென்றால், அந்த இடைவெளி ஷாட் மூன்றில் இரண்டு முறைக்கு மேல் வெற்றிகரமாகப் போக வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், போகுமா? மனசுக்குள் நாம் பார்ப்பது எப்போதும் அந்த ஒரு அழகான ஷாட்டைத்தான். தவறின பத்து ஷாட்டும் ஞாபகத்துக்கு வராது.

மரக்காட்டு மைதானத்தில் தொடக்க ஆட்டக்காரரின் அட்டையில் 8, 9 என்று எண்கள் விழுவது முதல் தவறால் அல்ல. முதல் தவறை ஒரே அடியில் சரி செய்யப் பார்ப்பதால்தான். நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்காமல், இன்னும் கொஞ்சம் பணம் போட்டு சராசரி பண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அப்போ இங்கே ஜெயித்தவர்கள் யார்?

2025 போட்டியை வென்றவர் இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட். நான்கு நாளில் பாருக்கு 22 அடி குறைவு. ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமா இரண்டு அடி வித்தியாசத்தில் இரண்டாவது. மெக்கில்ராய் 11 அடி குறைவாக முடித்தார். டிரைவரை எடுக்காமல் இருந்தது அவரைப் பெரிய விபத்திலிருந்து காப்பாற்றியது, ஆனால் அது மட்டுமே வெற்றி தந்துவிடாது. புதரைத் தவிர்த்த பிறகு, ஐயன் மட்டையால் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஃபிளீட்வுட் பெயர் வாங்கியதே அந்த வேலைக்குத்தான்.

ஆனால் இந்த மைதானத்தின் கதையில் இன்னும் முக்கியமான இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

ஒருவர் அலி ஷேர். இதே கிளப்பில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு வழி சொல்பவராக இருந்தவர். 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார்.

இன்னொருவர் எஸ்.எஸ்.பி. சவுராசியா. கொல்கத்தாக்காரர். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் மைதானப் பராமரிப்பாளர். சவுராசியா நீண்ட தூரம் அடிப்பவர் இல்லை. கிரீனைச் சுற்றி அவர் காட்டும் திறமைக்காக சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'சிப்புட்சியா'. 2008-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில், எர்னி எல்ஸ் போன்றவர்கள் ஆடிய களத்தில், கோப்பையை எடுத்தது அவர்தான். இந்தியன் ஓப்பனில் நான்கு முறை இரண்டாம் இடம் வந்து ஏமாந்தவர், 2016-இல் இதே மைதானத்தில் அதையும் வென்றார்.

பந்து எங்கே தொலையும், எந்தப் புதருக்குள் போனால் வெளியே எடுக்கலாம், எந்த இடத்தில் ஆசைப்படக்கூடாது: இதையெல்லாம் ஒரு கேடி ஒரு நாளைக்கு 18 முறை பார்க்கிறார். அடுத்தவர்களின் தவறுகளைச் சுமந்து நடந்தே கற்றுக்கொள்கிறார். மரக்காட்டு மைதானத்தில் இந்த அறிவுக்கு, 300 கெஜ அடியை விட மதிப்பு அதிகம்.

சரி, நாமும் உள்ளே போக முடியுமா?

இங்கேதான் சங்கடம். உறுப்பினர் ஆவதற்கான காத்திருப்பு, பத்தாண்டுகள் கணக்கில் போகும். உறுப்பினரின் விருந்தினராகப் போகலாம். அதிலும் யார் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வி உண்டு. 2017 ஜூனில், ஒரு உறுப்பினரின் விருந்தினராக வந்த மேகாலயாவின் காசி இனப் பெண் ஒருவர், ஜெயின்செம் என்ற பாரம்பரிய உடை அணிந்திருந்தார். அது பணிப்பெண் உடை மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. கிளப் பிறகு வருத்தம் தெரிவித்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 2014-இல் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வாசலில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு, வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது.

நிலம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. கிண்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தியது. அந்த ரேஸ் கோர்ஸுக்குள்ளும் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பசுமையான பொது நிலத்தை இவ்வளவு குறைவானவர்கள் மட்டும் பயன்படுத்தலாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. கிளப் இல்லாவிட்டால் அந்த மரங்கள் இந்நேரம் கட்டடங்களாகியிருக்கும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மரங்களைக் காப்பாற்ற வாசலை மூடித்தான் ஆக வேண்டும் என்று இரண்டாவது வாதத்திலிருந்து முடிவு செய்துவிட முடியாது.

டெல்லியில் கோல்ஃப் ஆடிப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. லாடோ சராயில் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானம், 2000-இல் திறக்கப்பட்டது. உறுப்பினராக இல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி ஆடலாம். வடக்கு டெல்லியில் பால்ஸ்வாவிலும் ஆணையத்தின் மைதானம் ஒன்று இருக்கிறது.

இதே ஆட்டம், ஒரு வட்டு போதும்: டிஸ்க் கோல்ஃப்

மட்டை, பை, பயிற்சியாளர் எல்லாம் சேர்த்தால் கோல்ஃப் கையைக் கடிக்கும். ஆனால் மரங்களுக்கு நடுவே ஆடும் இதே சவாலை, ஃபிரிஸ்பீ மாதிரி ஒரு வட்டை வைத்து ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் டிஸ்க் கோல்ஃப்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது அணி ஆட்டம். டிஸ்க் கோல்ஃப் தனி ஆள் ஆட்டம். குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் ஒரு இரும்புக் கூடை. டீயிலிருந்து எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். எத்தனை எறிதலில் கூடையில் விழுகிறது என்பதுதான் கணக்கு.

முதல் நிரந்தர மைதானம் 1975-இல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அதற்கு முன்பு மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறி வைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்புதான். 2002-இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அவரது அஸ்தியைக் கலந்து வட்டுகள் செய்தார்கள். இன்று அமெரிக்காவிலும், ஃபின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளிலும் இது வார இறுதி விளையாட்டு. கென்டக்கியின் ஐடில்வைல்டு போன்ற காட்டு மைதானங்கள், உலகின் முன்னணி வீரர்களையே திணற வைப்பவை.

இங்கே மரம் வெறும் தண்டனை இல்லை. அதுதான் ஆட்டமே. ஏனென்றால் வட்டு நேராகப் போகாது, வளையும். பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். வேகமாகச் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கும், வேகம் குறைந்ததும் சாயும். வட்டும் அப்படித்தான். வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து, புறங்கையால் எறிந்தால், கடைசியில் வட்டு இடது பக்கம் சாய்ந்து இறங்கும். உள்ளங்கையை முன்னால் காட்டி, தட்டையான கல்லைக் குளத்தில் தவ்வ விடுவது மாதிரி சுண்டி எறிந்தால், வலது பக்கம் சாய்ந்து இறங்கும்.

அதாவது, எதிரே ஒரு மரம் நின்றால் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அதன் வலது பக்கமாக எறிந்து இடது பக்கம் வளைத்துக் கொண்டுவரலாம். அல்லது இடது பக்கமாக எறிந்து வலது பக்கம் வளைக்கலாம். கிளைகள் தாழ்வாக இருந்தால் வட்டை நிறுத்தி வைத்து, தரையில் சக்கரம் மாதிரி உருட்டியும் விடலாம். கோல்ஃபில் பல வருடப் பயிற்சிக்குப் பிறகு வரும் வித்தைகளை இங்கே சில வாரங்களில் தொட்டுப் பார்க்கலாம்.

வட்டிலும் டிரைவர், மிட்ரேஞ்ச், பட்டர் என்று வகைகள் உண்டு. கோல்ஃபில் பார்த்த பாடம் இங்கேயும் அப்படியே பொருந்தும். டிரைவர் வட்டின் விளிம்பு மெல்லியது, வேகமாகப் போகும், அதே வேகத்தில் பக்கவாட்டிலும் விலகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மரங்களுக்கு நடுவே நல்ல நண்பன், மெதுவாகவும் நேராகவும் போகும் பட்டர் அல்லது மிட்ரேஞ்ச் வட்டுதான்.

முதல் முறை மரங்களுக்கு நடுவே ஆடப் போகிறீர்களா?

மட்டையோ வட்டோ, இந்த ஆறு விஷயங்கள் உதவும்.

1. இடைவெளியைப் பாருங்கள், மரத்தைப் பார்க்காதீர்கள். 'அந்த மரத்தில் படக்கூடாது' என்று நினைத்தால் கண் மரத்திலேயே நிற்கும். கை கண்ணைத்தான் பின்தொடரும். இடைவெளிக்குப் பின்னால் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதற்கு எறியுங்கள்.

2. எங்கே தவறினால் பரவாயில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பக்கம் அடர்ந்த புதர், இன்னொரு பக்கம் கொஞ்சம் திறந்த இடம் என்றால், குறியைத் திறந்த பக்கமாகத் தள்ளி வையுங்கள். கோல்ஃபில் ஆபத்து இருக்கும் பக்கத்து ஓரத்தில் நின்று, அதிலிருந்து விலகிக் குறி வைப்பது வழக்கம்.

3. முழு பலம் வேண்டாம். முக்கால் பலத்தில் எறிந்தால் தூரம் கொஞ்சம் குறையும், விலகல் நிறையக் குறையும்.

4. புதரிலிருந்து வெளியே வருவதுதான் முதல் வேலை. கோல்ஃபில் 5-ஆம் நம்பர் ஐயன் மாதிரி மட்டையை எடுத்து, பந்தைப் பின் காலுக்குப் பக்கத்தில் வைத்து, அரை வீச்சில் தட்டினால், கிளைகளுக்குக் கீழே தாழ்வாக ஓடிவிடும். பார்க்க அழகாக இருக்காது. வேலை நடக்கும்.

5. பந்தோ வட்டோ கடைசியாக மறைந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட கிளையையோ பட்டுப்போன மரத்தையோ அடையாளம் வையுங்கள். டிஸ்க் கோல்ஃபிலும் தேடுவதற்கு 3 நிமிடம்தான். முழுக்கால் பேன்ட் போட்டுப் போவது நல்லது. டெல்லியின் புதர்களில் முள் அதிகம். ரிட்ஜ் காட்டில் பரவிக் கிடப்பதுகூட நம்ம ஊர் சீமைக்கருவேலம்தான்.

6. எங்கே ஆடக்கூடாது என்பதும் முக்கியம். லோதி தோட்டம், சுந்தர் நர்சரி மாதிரி நினைவுச் சின்னங்களும் கூட்டமும் இருக்கும் இடங்களில் வட்டு எறியாதீர்கள். ரிட்ஜ் காப்புக்காடு, அதை விட்டுவிடுங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில், அனுமதி உள்ள ஒரு மைதானத்தின் மர ஓரம் போதும். குறிக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை போதும். மரத்தையே குறியாக வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். வட்டு மோதி மோதிப் பட்டை உரிந்துவிடும். வெளிநாட்டு மைதானங்கள் சிலவற்றில் இதற்காகவே மரத்தைச் சுற்றித் தடுப்பு கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக

உங்கள் மேனேஜர் அடுத்த ஆஃப்சைட்டில் கோல்ஃப் பற்றிப் பேசினால், இனி நீங்களும் கலந்துகொள்ளலாம். ஆனால் இந்த மைதானம் சொல்லித் தருவது அதை விடப் பெரியது. மரங்களுக்கு நடுவே உங்கள் அதிகபட்ச தூரம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. தவறின பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கில் வரும். பக்கவாட்டில் ஒரு அடி தட்டி, ஒரு அடி நஷ்டத்தை ஒப்புக்கொண்டு, மறுபடி வெளிச்சத்துக்கு வரத் தெரிந்தவர்தான் நாலாவது நாள் மாலை கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அதை நன்றாகக் கற்றவர்களில் ஒருவர் மைதானப் பராமரிப்பாளரின் மகன், இன்னொருவர் பை சுமந்தவர். அடுத்த முறை ஜாகிர் உசேன் மார்க்கில் அந்த மரங்களைக் கடக்கும்போது, மெக்கில்ராயோடு சேர்த்து அலி ஷேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.